பின்னால் போகாத வண்டி

"14 ஜூலை 2024, ஞாயிறு. தெருவாசல் அகலம் இருபத்தாறரை அங்குலம். பின்வாசல் இருபத்தைந்து. சந்தில் மிகக் குறுகிய இடம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், முப்பத்தொன்று. உட்கார்ந்த நிலையில் தோள் உயரம், தோளிலிருந்து விரல் நுனி வரை கை நீளம்: அளக்க விடவில்லை."

என் நோட்டுப்புத்தகத்தில் அந்த வண்டியைப் பற்றிய முதல் குறிப்பு இது. அளக்க விடாதவள் என் தங்கை.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒரே சுவரைப் பங்குபோட்டுக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். அவளுக்கு ஐம்பத்தொரு வயது. இரண்டு வயதில் வந்த போலியோவில் இரண்டு கால்களும் சக்தி இழந்துவிட்டன. வீட்டுக்குள் கைகளை ஊன்றி நகர்வாள். வெளியே போவதென்றால் சந்து முனையில் நிற்கும் ஆட்டோ வரை நான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். முப்பத்தோரு வருடம் தினமும் ரயிலில் பெங்களூர் போய் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். தேதி போடாமல் எதையும் எழுதிப் பழக்கமில்லை.

விஷயம் தொடங்கியது அதற்கு மூன்று நாள் முன்பு, ஜூலை 11, வியாழன், காலை பத்தே கால் மணிக்கு. அவள் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பேப்பரில் மூழ்கியிருந்தேன்.

"ண்ணா, எனக்கு வேலை கெடச்சிகீது."

நான் பேப்பரை மடிக்கவில்லை. ஏதோ வீட்டு வேலையைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"இன்னா வேலை?"

"நம்மூரு பாலகாட் பக்கம் புதுசா ஒரு தையல் கம்பெனி போட்டுகீறாங்க இல்ல, அங்க. தெச்ச சட்டையில நூல் தொங்குதா, பட்டன் சரியா கீதான்னு பாத்து அனுப்பணும். உக்காந்துக்கினே செய்றது."

"யாரு பேசினது?"

"நான்தான். போன்ல. ரெண்டு வாரமா பேசிக்கினு கீறேன்."

அப்போதுதான் பேப்பரை மடித்தேன். ஒரே கூரையின் கீழ், பத்தடிக்குப் பத்தடி அறையில், இரண்டு வாரம். அவள் எப்போது பேசினாள்? நான் கடைக்குப் போன நேரங்களிலா? அந்த வீட்டில் நடக்கும் எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

அந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர் அம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஏற்கெனவே கால் முடியாத இரண்டு பெண்களை அவர் வேலைக்கு எடுத்திருக்கிறார். ஒருத்திக்கு மச்சான் ஊருக்குப் போனதால் கொண்டுவந்துவிட ஆளில்லை. இன்னொருத்திக்கு ஆட்டோக்காரர் வரவில்லை. இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். ஆகவே என் தங்கையிடம் அவர் சொன்னது இது: "எட்டரைக்குள்ள நீங்களா வரணும், நீங்களா போவணும். யாராவது இட்டாந்து வுட்டாத்தான் முடியும்னா இப்பவே சொல்லிடுங்க. ஆகஸ்ட் அஞ்சு, திங்கக்கிழமை வாங்க. ஒரு வாரம் பாக்கறேன்."

"நீ இன்னா சொன்ன?"

"என்கிட்ட வண்டி கீதுன்னு சொல்லிட்டேன்."

அவளிடம் வண்டி இல்லை. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிகளை நான் விசாரித்தேன். பார்த்த எல்லாமே எங்கள் வாசலைவிட அகலம். தெருவில் நிறுத்தி வைத்தால் அதில் ஏற அவளை நான் தூக்கிப்போய் உட்காரவைக்க வேண்டும். அப்படியானால் "நீங்களா" என்பது முதல் அடியிலேயே பொய். வீட்டுக்குள் நுழைகிற வண்டி வேண்டும். தரையிலிருந்து அவளே கையூன்றி ஏறும் உயரத்தில் இருக்கை வேண்டும். அப்படி ஒன்று கடையில் கிடைக்காது.

எங்களுக்கு மூன்றாவது வீட்டில் ஒரு ஃபிட்டர் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சுரங்கத்துக்குள், தாது ஏற்றிய தள்ளுவண்டிகளைக் கயிறு கட்டி இழுக்கும் விஞ்சு இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். சுரங்கம் மூடியபின் பங்காருபேட்டையில் ஒரு வெல்டிங் கடைக்குத் தினமும் போய்வந்தார். இப்போது வீட்டுப் பின்புறத்தில் ஒரு வெல்டிங் மிஷினோடு, உடைந்த கட்டில் கால்களும் கதவுக் கீல்களுமாக இருக்கிறார். அவரிடம் போய் அளவுகளைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பழைய சைக்கிள் மூணு வேணும் தம்பி. நீ எழுதிக்கினே இரு. நான் ஒட்டிக்கினே இருக்கறேன்."

பழைய இரும்பு வாங்கும் குஜிரிக் கடையில் ஒரு குழந்தைச் சைக்கிளின் இரண்டு சின்னச் சக்கரங்கள் கிடைத்தன. கம்பிகள் துருப்பிடித்திருந்தாலும் ரிம் நேராக இருந்தது. இன்னொரு சைக்கிள் ஃபிட்டரின் வீட்டுக் கூரைமேல் கிடந்தது. உட்கார, கால்களை அறுத்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மூன்றாவது சைக்கிளை நான் இன்னும் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 20, சனிக்கிழமை, ராபர்ட்சன்பேட்டை நூலகத்துக்குப் போய்விட்டுப் பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்பினேன். ஃபிட்டர் வீட்டுப் பின்புறத்தில் என் சைக்கிள் இரண்டு துண்டாகக் கிடந்தது.

இருபத்தாறு வருடம் வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் ஓட்டிய சைக்கிள். அதன் முன்பாகம் ஒரு பக்கம், பின்பாகம் ஒரு பக்கம். அறுத்த இடம் பளபளவென்று புதுசாக இருந்தது.

"இன்னாண்ணா இது?"

"தங்கச்சிதாம்பா எட்த்துக்கச் சொல்ச்சி." அவர் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார். "நீயே சொன்னன்னு சொல்ச்சி."

வீட்டுக்கு ஓடினேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து எனக்காகவே காத்திருந்தாள்.

"நீ ஸ்டேஷனுக்குப் போயி எத்தினி மாசம் ஆவுது? அதுவும் உன்ன மாதிரியே செவுத்துல சாஞ்சிக்கினு ரிட்டையர் ஆயிட்ச்சி. எனக்கு இன்னும் பதினாறு நாள்தான் கீது."

அவள் கணக்குச் சரிதான். நான் உள்ளே போய் நோட்டை எடுத்துத் தேதி போட்டேன். அன்றைக்கு அதன் கீழே எதுவும் எழுதவில்லை.

வண்டி உருவான விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்னால் ஒரு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு சின்னச் சக்கரங்கள். என் சைக்கிளின் பெடல் சுற்றும் பாகத்தை அறுத்து முன் ஃபோர்க்கின் மேலே, உட்கார்ந்தால் நெஞ்சுக்கு நேராக வரும்படி ஒட்டினார். காலால் மிதித்த பெடல்கள் கைப்பிடிகள் ஆயின. சைக்கிளில் ஒரு பெடல் மேலே இருந்தால் மற்றது கீழே இருக்கும். இதில் இரண்டையும் ஒரே பக்கமாகத் திருப்பி மாட்டினார். அப்போதுதான் இரண்டு கையும் சேர்ந்து தள்ளும், சேர்ந்து இழுக்கும். அங்கிருந்து செயின் கீழே இறங்கி முன் சக்கரத்தைச் சுற்றும். இடக்கைப் பிடியில் பிரேக். மொத்த அகலம் இருபத்துநான்கு அங்குலம். இரண்டு வாசலிலும் நுழைந்தது.

ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை, ஒரு புதிய பாகம் சேர்ந்தது. மிச்சமிருந்த ஃப்ரீவீல்களைப் பின் சக்கரங்களில் திருப்பி மாட்டி, சக்கரம் முன்னால் மட்டும் உருளும், பின்னால் ஒரு விரற்கடைகூட உருளாது என்று செய்திருந்தார். எங்கள் சந்து பெரிய ரோட்டுக்கு ஏறும் இடத்தில் நல்ல ஏற்றம்.

"ஏத்தத்துல கை வலிச்சி வுட்டுட்டா இன்னா ஆவும்? வண்டி பின்னால உருண்டு வந்தா யாரு புடிக்கறது? விஞ்சுல இதான் உயிரு தம்பி. பின்னால உருண்டத ஒரு தடவ பாத்துகீறேன். போதும்."

பின்னால் நகர்த்த வேண்டுமானால் ஒரு கம்பியை மேலே தூக்க வேண்டும். அந்தக் கம்பியை இருக்கைக்குக் கீழே, பின்பக்கம் வைத்திருந்தார். உட்கார்ந்திருப்பவரின் கைக்கு எட்டாது. நான் அதைக் கேட்கத்தான் செய்தேன்.

"உக்காந்து போறவங்க கையில அதெல்லாம் குடுக்கக் கூடாது. கேஜுல எறங்கறவன் கையிலயா பிரேக்கு கீது? மேல விஞ்சு டிரைவர் கையில கீது. ஏறி உக்காந்தவன் சும்மா உக்காரணும். கை வெச்சான்னா எல்லாரும் காலி."

எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் நியாயமாகத்தான் பட்டிருக்கும். எங்கள் அப்பா ஷிஃப்ட் தவறாமல் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் நின்று பூமிக்குள் இறங்கி ஏறியவர். இறங்குகிறவர் ஒருவர், இறக்குகிறவர் வேறொருவர் என்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத விஷயம். நோட்டில் ஒரு படம் போட்டு, அம்புக்குறியிட்டு எழுதினேன்: "பின்கம்பி. பின்னால் நிற்பவர் தூக்க வேண்டும்." வாழ்நாள் முழுக்க அடுத்தவர் எழுத்தில் பிழை பார்த்தவன், அந்த ஒரு வரியில் பிழை இருப்பதைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு, சோதனை ஓட்டம். அவள் தரையிலிருந்து இருக்கைக்கு ஏற எடுத்துக்கொண்ட நேரம் பன்னிரண்டு விநாடி. சந்தில் வண்டி கிளம்பியதும் நான் ஓட வேண்டியிருந்தது. ஐம்பது வருடம் உடம்பைச் சுமந்த கைகள் அவை. எவ்வளவு பலம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஏற்றத்தில் பாதியில் நின்று இரண்டு கையையும் விட்டு மேலே தூக்கிக் காட்டினாள். வண்டி அசையவில்லை. ஃபிட்டர் சிரித்தார். அன்று மூன்று முறை அவள் சுவரோரம் சிக்கிக்கொண்டாள். மூன்று முறையும் நான் பின்னால் குனிந்து கம்பியைத் தூக்கி வண்டியை இழுத்தேன்.

"பின்னால வர மாட்டேங்குதே," என்றாள்.

"அதுக்குத்தான் நான் கீறேன் இல்ல," என்றேன்.

அவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் ஆகஸ்ட் 5, திங்கள். டிபன் டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் நாற்காலிக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டு ஏழு நாற்பதுக்குக் கிளம்பினாள்.

"கூட வரக் கூடாது. சொல்லிட்டேன்."

"வரல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் சந்து முனை திரும்பியதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஏற்றங்களில் அவளை நெருங்கிவிட்டு வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. இறக்கங்களில் கண்ணிலிருந்து மறைந்துவிடுவாள். நூறடி பின்னால், ஓரமாக, யாராவது பார்த்தால் கடைக்குப் போகிறவன் மாதிரி நடந்தேன்.

வழியில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. நான் அதைப் பார்க்கும் தூரத்துக்கு வந்தபோது மணி அடித்து, தடுப்புக் கம்பம் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் கம்பம் இறங்குவதென்றால் வேகமாகப் போ என்று அர்த்தம். பைக்குகள் சாய்ந்து நுழைந்தன. நடப்பவர்கள் குனிந்து நுழைந்தார்கள். இதையெல்லாம் நான் பலமுறை கண்டித்து எழுதியிருக்கிறேன். வண்டி தாழ்வாக இருந்தது. அவள் தலையைக் கைப்பிடிகளுக்கு நடுவில் கவிழ்த்துக்கொண்டு கம்பத்துக்கு அடியில் நுழைந்துவிட்டாள்.

என் தங்கை. மாத்திரையை டாக்டர் எட்டு மணிக்கு என்றால் எட்டு மணிக்குப் போடுகிறவள். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பைக் அவசரமாக வந்தது. அதற்கு வழிவிட அவள் வண்டியைச் சாய்வாகத் திருப்பினாள். தண்டவாளத்தை ஒட்டி, ரயிலின் சக்கர விளிம்பு போவதற்காக விடும் ஒரு பள்ளம் உண்டு. நேராகக் கடந்தால் சைக்கிள் சக்கரம் தாண்டிவிடும். சாய்வாகப் போனதால் முன் சக்கரம் அதில் இறங்கி நின்றுவிட்டது. அவள் கைப்பிடியைத் தள்ளினாள். முன்னால் போகவில்லை. இழுத்தாள். பின்னால் போகவே போகாது.

அதே நேரத்தில் கம்பத்துக்கு அடியில் நுழைந்து நடந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி பச்சைச் சுடிதார், இளவயது. இன்னொருத்தி புடவை கட்டிய நடுவயதுக்காரி, கையில் சாப்பாட்டுப் பை. பின்னால் இருந்து நாற்காலியைப் பிடித்து இழுத்தார்கள். பின் சக்கரங்கள் கல்லில் தேய்ந்தனவே தவிர உருளவில்லை. கேட்மேன் தன் அறையிலிருந்து கத்திக்கொண்டே வந்தார். கையில் சிவப்புக் கொடி. அதை விரித்துக்கொண்டு தண்டவாளத்தோரமாக ஓடினார். பங்காருபேட்டைப் பக்கமிருந்து ஹார்ன் கேட்டது.

"ரயிலு பர்த்தாயிதே!" ரயில் வருகிறது என்று புடவைக்காரி கன்னடத்தில் அலறினாள்.

"யக்கா, எறங்குங்க! வண்டி போனா போவுது, எறங்குங்க!" இது சுடிதார்.

"மாட்டேன்."

"சாவப் போறீங்களா?"

"வண்டி இல்லன்னா எட்டரைக்கு எப்படி போறது? தூக்குங்க! இஸ்தா வராது, மேல தூக்குங்க!"

இரண்டு கைகளாலும் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். அவளை அதிலிருந்து பிரிக்க முடியாது என்று எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

நான் கம்பத்துக்கு இந்தப் பக்கம், முப்பது நாற்பது அடி தூரத்தில் நின்றேன். பின்னால் கம்பியைத் தூக்கினால் வண்டி வந்துவிடும் என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தான். கத்தினால் கேட்கும் தூரம். குனிந்தால் நுழைந்துவிடலாம். என் வாய் திறக்கவில்லை. கால் எடுக்கவில்லை. நான் செய்ததை உள்ளபடி எழுதுகிறேன்: கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு ஐம்பத்தெட்டு.

அப்போது பால் கேன் கட்டிய பைக்கில் எதிர்ப்பக்கம் நின்றிருந்த ஒரு ஆள் பைக்கை அப்படியே சாய்த்துவிட்டு ஓடிவந்தார். முன் சக்கரத்தைக் கட்டிப்பிடித்து மேலே தூக்கினார். பெண்கள் இருவரும் பின்னால் தூக்கினார்கள். என் தங்கையோடு சேர்த்து, அவள் டிபன் டப்பாவோடு சேர்த்து, வண்டி அந்தரத்தில் நாலடி போய் அந்தப் பக்கம் இறங்கியது. பிறகு ரயில் வந்தது. வேகம் குறைந்திருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டிக்கொண்டே போனார். பெட்டிகளுக்கு நடுவில் அந்தப் பக்கம் எதையும் பார்க்க முடியவில்லை.

கம்பம் எழுந்தபோது அங்கே அவள் இல்லை. அந்தப் பெண்களும் இல்லை. பால்காரர் பைக்கை நிமிர்த்திக்கொண்டிருந்தார். கேட்மேன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். நான் அவரிடம் போய் அந்த அம்மா எங்கே என்று கேட்டேன்.

"போய்ட்டாங்க, இன்னொரு பக்கம் சாவறதுக்கு! ஆமா, நீங்க அவங்க வீட்டு ஆளா?"

"இல்ல," என்றேன். "சும்மா கேட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று வீடு வரும்வரை யோசித்தேன். வரமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தது ஒரு காரணம். வேறு காரணங்களும் உண்டு.

மாலை ஐந்து ஐம்பதுக்கு அவள் சந்துக்குள் வந்தாள். முகத்தில் புழுதி. வண்டியை நேராக வாசலுக்குள் ஓட்டிவந்து அடுப்பங்கரை வாசலில் நிறுத்தினாள்.

"எட்டு இருபத்தாறுக்கு உள்ள போயிட்டேன்," என்றாள். "எவனோ ஒருத்தன் காலர் பட்டன உள்பக்கமா தெச்சிகீறான். நான்தான் கண்டுபுடிச்சேன்."

"வழியில ஒண்ணும் இல்லியே?"

"இன்னா கீது வழியில? ரோடு கீது."

டீயை ஊதி ஊதிக் குடித்தாள். நான் எழுந்து ஃபிட்டர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்ததை மட்டும் விட்டுவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்து, வெல்டிங் மிஷின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பின்னால உருள்றதுக்குதாம்பா நான் பயந்தேன்," என்றார் கடைசியில். "முன்னால இன்னா வரும்னு நெனச்சே பாக்கல."

ஸ்பேனரையும், என் பழைய சைக்கிளில் மிச்சமிருந்த பிரேக் லீவரையும் ஒரு ஒயரையும் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார்.

"இன்னாண்ணா, வேலை முடிஞ்சிதுன்னு சொன்னீங்க?" என்றாள் தங்கை.

"அந்தக் கம்பிய மாத்தணும்மா. உன் கைக்கே இட்டாந்து வுட்டுடறேன். தப்புப் பண்ணிட்டேன். ஏறி உக்கார்றவங்க கையில குடுக்கக் கூடாதுன்னே பழகிட்டேன்."

"நான் இன்னா கேஜுலயா எறங்கறேன்? இதுல விஞ்சு டிரைவரும் நான்தானே."

அவர் தலையாட்டிக்கொண்டே குனிந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இவருக்கு யாரு சொன்னது?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"பின்னாலயே வந்தியா?"

"ஆமா."

"எது வரைக்கும்?"

"கேட்டு வரைக்கும்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துக்கினு நின்னியா?"

ஃபிட்டர் நட்டைத் திருகுவதை நிறுத்திவிட்டார். நான் ஆமாம் என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா என்பது நினைவில்லை. அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன். அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நல்லதாப் போச்சி," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அந்த ரெண்டு பேரும் அதே கம்பெனிண்ணா. எனக்கு ரெண்டு டேபிள் தள்ளி உக்கார்றாங்க. நீ உள்ள பூந்து தூக்கினு இருந்தா அங்க போய் இன்னா சொல்லுவாங்க? 'இந்தம்மாவ அண்ணன் இட்டாந்து வுட்றாரு'ன்னு சொல்லுவாங்க. சூப்பர்வைசர் அப்பவே வூட்டுக்கு அனுப்பிச்சிருக்கும்." டம்ளரைக் கீழே வைத்தாள். "இப்ப இன்னா சொல்லிகீறாங்க தெரியுமா? ரயிலு வந்தாக்கூட வண்டிய வுட மாட்டேன்னுச்சி, இது நாளைக்கும் வரும்னு சொல்லிகீறாங்க."

காலையில் தண்டவாளத்தின் மேல் அவள் இருந்ததைக் கண்டு அதிர்ந்ததைவிட, இதைக் கேட்டு நான் அதிகம் அதிர்ந்தேன். ஹார்ன் கேட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவள் பயந்தது ரயிலுக்கு அல்ல. நான் சத்தியத்தை மீறிப் பின்னால் வந்திருப்பேனோ, ஓடிவந்துவிடுவேனோ என்றும் பயந்திருக்கலாம். அதை நான் கேட்கவில்லை. நான் நின்றது அவளுக்கு நல்லதாகப் போனது என்பதால் நான் நின்றது சரியாகிவிடாது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்ததையும் அன்றே சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "எழுதிக்கினியா?" என்று மட்டும் கேட்டாள்.

இருட்டுவதற்குள் வேலை முடிந்தது. இடக்கைப் பிடியில் பிரேக்குக்குப் பக்கத்தில் இன்னொரு லீவர். அதை அழுத்தினால் ஒயர் இழுத்துப் பின்கம்பி மேலே எழும். அவள் சந்தில் இறங்கி, முன்னால் நாலடி, பின்னால் நாலடி என்று பத்துப் பதினைந்து முறை போய்வந்தாள். ஒவ்வொரு முறை வண்டி பின்னால் உருண்டபோதும் ஃபிட்டர் தன்னையறியாமல் கையை நீட்டிப் பிடிக்கப் போனார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை, சூப்பர்வைசர் அம்மா அவளை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார். அதன்பின் மழையில் ஒரு நாள் நனைந்தாள், இரண்டு முறை டயர் பஞ்சர் ஆயிற்று, ஒரு நாள் செயின் கழன்று அவளே மாட்டினாள். இவையெல்லாம் அவள் சொல்லி நான் தேதியோடு எழுதியவை. பச்சைச் சுடிதார் பெண்ணை ஒரு நாள் மார்க்கெட்டில் பார்த்தேன். ரயில் அன்று எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கேட்டேன். "போங்கண்ணா, அத யாரு பாத்தா? கண்ண மூடிக்கினு தூக்கினோம்," என்றாள்.

இதை எழுதுவது 9 மார்ச் 2025, ஞாயிறு. இதுவரை ஒரு நாளும் எட்டரையைத் தாண்டி அவள் உள்ளே போனதில்லை. கேட் விழுந்தால் இப்போது என்ன செய்கிறாய் என்று நேற்று மாலை கேட்டேன். கம்பம் எழும்வரை இந்தப் பக்கமே நிற்பதாகச் சொன்னாள். சொல்லும்போது துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள், முகம் எனக்குத் தெரியவில்லை. ஆகஸ்ட் ஐந்துக்குப் பிறகு நான் அவள் பின்னால் போனதில்லை. ஆகவே அவள் கேட்டில் நிற்கிறாள் என்பது அவள் சொன்ன தகவல் மட்டுமே. நான் சரிபார்க்கவில்லை.